கோம்பைக் குட்டி சொன்னபடி கேட்கவில்லையா?

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டக் காவலுக்கு நாய் வளர்க்காத விவசாயிகள் குறைவு. உத்தமபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை, ஒரு நாட்டு நாய் இனத்துக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர். செம்பழுப்பு உடம்பும் கருத்த மூஞ்சியுமாக இருக்கும் இந்த நாய், பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையுடன் கோம்பையையும் குறிப்பிட்டார்.

அந்தக் குட்டியை ஆசையாக வாங்கி வருகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், வாசலில் சங்கிலியில் கிடக்கிறது. கேட்டால், "வீட்டுக்குள்ளயே அசிங்கம் பண்ணுது சார், அடிச்சாலும் திருந்தமாட்டேங்குது" என்கிறார்கள். மலைச்சாலை ஓரம் இறக்கி விட்டு வந்தவர்களும் உண்டு.

நான் படித்தது உழவியல். நாய்க் கழிவை எருக்குழியில் போடலாமா என்று ஒரு திராட்சை விவசாயி கேட்டதில்தான் இந்த விஷயத்துக்குள் வந்தேன். போடக் கூடாது. மாட்டுச் சாணம் வேறு, இது வேறு. நாய்க் கழிவில் உருண்டைப் புழு, கொக்கிப் புழு இரண்டின் முட்டைகளும் இருக்கலாம். நம் வீட்டு எருக்குழி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சூடேறுவதில்லை, முட்டைகள் தப்பித்துவிடும். கொக்கிப் புழுவின் இளம் புழு, பந்தலுக்கடியில் வெறுங்காலோடு களை எடுப்பவரின் தோல் வழியாகவே நுழையும். உருண்டைப் புழு முட்டை மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குப் போனால் ஈரலையும் கண்ணையும்கூடத் தாக்கலாம். ஆனால் ஒன்று, உருண்டைப் புழு முட்டை விழுந்த உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமாவது முதிர வேண்டும். அன்றன்றைக்கே அள்ளி, கிணறு, வாய்க்கால், காய்கறிப் பாத்திக்குத் தள்ளி ஓர் அடி ஆழத்தில் புதைத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அன்றன்றைக்கு அள்ள வேண்டுமானால், குட்டி ஒரே இடத்தில் போகப் பழகியிருக்க வேண்டும்.

பழக்குவதில் நானே முதலில் தவறுதான் செய்தேன். ஊரில் எல்லாரும் செய்வதுபோல, என் வீட்டுக் குட்டியின் மூக்கை அசிங்கத்தில் தேய்த்தேன். மறுநாளிலிருந்து அது கட்டிலுக்கடியில் போய் இருந்துவிட்டு வந்தது. 'இங்கே இருக்கக் கூடாது' என்று அது புரிந்துகொள்ளவில்லை. 'இவன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்' என்றுதான் புரிந்துகொண்டது. எப்போதோ செய்ததற்கு இப்போது அடித்தால் குட்டிக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாது.

குட்டியின் சிறுநீர்ப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம்தான் அது அடக்கக்கூடிய அதிகபட்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். பகலில் அதற்கும் முன்பே கூட்டிப் போவது நல்லது. தூங்கி எழுந்த உடனே, விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள் கட்டாயம் போக வேண்டியிருக்கும். விடியற்காலை பால் கறக்க எழுகிற வீட்டில் இது கஷ்டமே இல்லை. தொழுவத்துக்குப் போகும்போது குட்டியையும் தூக்கிக்கொண்டு போய், அதே இடத்தில் விட்டு, அதே ஒரு சொல்லைச் சொல்லிக் காத்திருங்கள். இருந்து முடித்த அந்த நொடியே, அந்த இடத்திலேயே, கடலைப் பருப்பு அளவு வெந்த முட்டையோ கோழி ஈரலோ கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

பரிசாகத் திராட்சை மட்டும் வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையானாலும் சரி, உலர்ந்ததானாலும் சரி, நாய்க்கு அது விஷம். சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே வாந்தி வந்து, ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பந்தலுக்கடியில் உதிர்ந்து கிடப்பதைத் தின்னவும் விடாதீர்கள். தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரவுக்கு நம் வீட்டுப் பஞ்சாரமே போதும். சாக்கை விரித்துக் குட்டியைப் படுக்கவிட்டு மேலே கவிழ்த்துவிடலாம். படுக்கிற இடத்தை நாய் முடிந்தவரை அசிங்கம் செய்யாது. முனகினால் எழுந்து வெளியே விடுங்கள். முதல் சில வாரம் நடுராத்திரி ஒருமுறை எழத்தான் வேண்டும். பகலில் மணிக்கணக்கில் கவிழ்த்து வைப்பது பாவம். சோற்றைத் தட்டில் நாள் முழுக்க விட்டு வைக்காமல் நேரம் பார்த்து மூன்று வேளை வையுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

உள்ளே இருந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். ஃபினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. நக்கினால் கெடுதலும்கூட. மண் தரையானால் மேல் மண்ணைச் சுரண்டிவிட்டு மெழுக வேண்டும்.

இவ்வளவு செய்தும் கேட்காத குட்டிகள் உண்டு. அவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்குவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். அதட்டும்போது பதுங்கிக்கொண்டு சொட்டினால் அது பயம். குரலைத் தணிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனாலோ ரத்தம் தெரிந்தாலோ சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் ஆண் குட்டி சுவரோரம் காலைத் தூக்கினால் அது எல்லை போடுவது. சாரல் காலத்தில் ஈரப் புல்லில் கால் வைக்கவே சில குட்டிகள் மறுக்கும். அதற்குக் கொட்டகை ஓரம் தகரத்துக்கடியில் மணல் பரப்பி வைத்தால் போதும்.

தாயிடமிருந்தே குட்டிக்குப் புழு வந்துவிடுகிறது. அதனால் குடற்புழு மருந்தை இரண்டு, மூன்று வார வயதிலேயே தொடங்கி, மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்கிறபடி தொடர வேண்டும். மற்ற தடுப்பூசிகளும் முடியும்வரை தெருநாய்கள் போகும் இடத்தில் குட்டியை விடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தேனியில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் செயல்படுகிறது.

பெரும்பாலான குட்டிகள் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழகிவிடும். ஒருநாள் அதுவாகவே கதவோரம் போய் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது கையில் என்ன வேலை இருந்தாலும் எழுந்து கதவைத் திறந்துவிடுங்கள்.