அப்பளம் கறியாகுமா?

மழை விடாத ஒரு மாலை வேளையில் மஸ்கெலியாப் பக்கத்து லயம் ஒன்றுக்குப் போயிருந்தோம். அப்போதுதான் மலையிலிருந்து வந்த ஒரு தாய், நனைந்த படங்கை இஸ்தோப்பில் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். காலையில் ஆக்கிய சோறு இருந்தது. எண்ணெய்ச் சட்டியை வைத்து அப்பளம் பொரித்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து எழும்பிவிட்டார்கள். சோறும் அப்பளமும், அவ்வளவுதான்.

எங்களைக் கண்டதும் அந்தத் தாய் கூச்சத்தோடு சொன்னார்: "என்னா செய்ய, கறி ஆக்க நேரமில்ல. அப்பளம் இல்லாட்டி சின்னது சோத்தத் தொடவே மாட்டேங்குது." பிறகு அவரே ஒரு கேள்வியும் கேட்டார். "உளுந்துலதான செய்யுறாங்க? அதுவும் சத்துதான?"

நியாயமான கேள்வி. பெரும்பாலும் இதற்கு "அப்பளம் கெட்டது, கொடுக்காதீங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அது சரியான பதில் அல்ல. அந்தத் தாய் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

அப்பளத்துக்குள் என்ன இருக்கிறது?

நல்ல அப்பளம் என்பது உளுந்து மா, உப்பு, அப்பளக்காரம், கொஞ்சம் எண்ணெய். இவற்றைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, உரலில் இடித்தோ கையால் இழுத்தோ பதமாக்கி, மெல்லிய வட்டமாகத் தேய்த்துக் காய வைக்கிறார்கள். சிலர் மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்ப்பார்கள்.

உளுந்து பருப்பு வகையைச் சேர்ந்தது. பொரிக்காத உளுந்து அப்பளம் 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. நாம் தினமும் கறி வைக்கும் மைசூர்ப் பருப்பிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே எடைக்கு எடை பார்த்தால் அப்பளம் பருப்புக்குக் குறைந்தது இல்லை. அந்தத் தாய் சொன்னதில் உண்மையான பாதி இது.

ஆனால் யார் அப்பளத்தை 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? சின்ன அப்பளம் ஒன்று 5 கிராம் அளவுதான் வரும். பெரியது 10 கிராம். ஒரு பிள்ளை நாலு சின்ன அப்பளம் தின்றால் 20 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 5 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். சரி, அப்படியானால் பத்து அப்பளம் கொடுத்தால் போச்சு என்று நினைக்கலாம். அங்கேதான் உப்பு வந்து குறுக்கே நிற்கிறது.

அதே 100 கிராம் அப்பளத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து 1,700 மில்லிகிராம் அளவு இருக்கிறது. சாப்பாட்டு உப்பாகக் கணக்குப் போட்டால் நாலு கிராமுக்கு மேல். பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தேக்கரண்டி அளவு. பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. பத்துச் சின்ன அப்பளத்தில் மட்டும் இரண்டு கிராம் உப்பு போய்விடும். சோற்றில் போட்ட உப்பு, சம்பல், கருவாடு எல்லாம் அதற்கு மேலே. பருப்பை எத்தனை கரண்டி போட்டாலும் இந்தப் பயம் இல்லை, ஏனென்றால் அதில் உப்புப் போடுவது நம் கை.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "நான் உப்பைக் குறைச்சிட்டேன், ஆனா பிரஷர் எறங்கல" என்று பலர் சொல்கிறார்கள். அப்பளம் பொரிந்து வருவதற்காகச் சேர்க்கும் அப்பளக்காரமும் சரி, அதற்குப் பதில் போடும் அப்பச்சோடாவும் சரி, சோடியம் உள்ளவைதான். நாக்குக்கு உப்புக் கரிக்காது, உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான். பிரஷருக்கு மருந்து எடுக்கும் தாத்தா, அப்பாயிகளுக்குத் தினமும் அப்பளம் வேண்டாம். தீபாவளி, பொங்கல், கலியாணச் சாப்பாட்டில் ஒன்று சாப்பிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எல்லாம் ஒன்றா?

பொரித்தால் மொறுமொறுப்பாக வருகிற எல்லாவற்றையும் நாம் ஒரே கண்ணால் பார்க்கிறோம். அவை ஒன்றல்ல. அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சிப் பிழியும் வடகத்தில் பெரும் பகுதி மாச்சத்து. சோற்றோடு வடகம் என்றால் சோற்றுக்குச் சோறே கறி என்ற கதைதான். சவ்வரிசி வடகம் அதிலும் ஒரு படி கீழே; மரவள்ளிக் கிழங்கின் மாவைத் தவிர அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. இறால் பொரியல் என்று விற்கிற வெள்ளைத் தட்டுகளிலும் கிழங்கு மாவே அதிகம், இறால் கொஞ்சம். சிவனொளிபாத மலைக் காலம் தொடங்கினால், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரை, நல்லதண்ணிப் பாதையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொரித்துத் தொங்கவிடுவார்களே, அவற்றில் மாவும் உப்பும் சாயமும் எண்ணெயும்தான். மலை ஏறுகிறவர் ஆசைக்கு ஒன்று வாங்கலாம். பிள்ளையின் இரவுச் சாப்பாடாக அதை எண்ணக் கூடாது.

அப்பளப் பக்கெட்டை வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும். உளுந்து மா முதலில் இருந்தால் நல்லது. அரிசி மாவோ கோதுமை மாவோ முதலில் இருந்தால், மேலே சொன்ன 25 கிராம் புரதக் கணக்கு அதற்குப் பொருந்தாது. 2020இல் உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து விலை ஏறியதை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படி விலை ஏறும்போது வேறு மா கலப்பது வியாபாரத்தில் நடக்கக்கூடியதுதான். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அனுப்பியாவது பார்த்து வாங்குங்கள்.

எண்ணெய் எங்கே போகிறது?

காய்ந்த அப்பளத்துக்குள்ளும் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கிறது. நல்ல சூட்டில் அது ஒரே நொடியில் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். காரம் சோடாவாக இருந்தால் அதுவும் காற்றை விடும். அந்தத் தள்ளுதலில்தான் அப்பளம் பொங்கி விரிகிறது. எண்ணெய் சரியாகச் சூடாகாவிட்டால் அப்பளம் பொங்காமல் மெல்லக் கிடந்து எண்ணெயைக் குடிக்கும். ஒரு சின்னத் துண்டைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் மேலே வந்து பொரிந்தால் சூடு சரி.

பொரிப்பதற்கு முன் எண்ணெயை ஒரு கோப்பையில் அளந்து ஊற்றி, பொரித்து ஆறிய பின் மீதியைத் திரும்ப அளந்து பார்த்தால் எவ்வளவு பிள்ளைகளின் தட்டுக்குப் போயிருக்கிறது என்று தெரியும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரிக்கு மேல். மெலிந்த பிள்ளைக்கு எண்ணெய்ச் சத்து வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது கறுத்துப்போன எண்ணெயிலிருந்து வரக் கூடாது. அப்பளத்திலிருந்து உதிரும் மா சட்டியின் அடியில் கருகும். அதே எண்ணெயை நாலு நாள் வைத்து வைத்துப் பொரிப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். மணம் மாறி, நிறம் கறுத்து, புகை சீக்கிரம் வந்தால் அந்த எண்ணெயைக் கைவிட வேண்டியதுதான். இன்னொன்று: நம் காம்பராக்கள் சின்னவை. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் தவழும் பிள்ளை இருக்கவே கூடாது.

எண்ணெயே வேண்டாம் என்றால் அதற்கும் வழி நம் அடுப்பிலேயே இருக்கிறது. ரொட்டி சுட்ட பிறகு தணல் கிடக்கும். அதில் இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுட்டால் அரை நிமிஷத்தில் அப்பளம் தயார். பழைய ஆட்கள் அப்படித்தான் சுட்டுத் தின்றார்கள். ரொட்டிக் கல்லில் போட்டு ஒரு துணியால் அழுத்தியும் சுடலாம். உப்பு குறையாது, எண்ணெய் மட்டும் மிச்சம்.

மழை ஊரில் காய்கிற வித்தை

அப்பளமும் வடகமும் வெயில் ஊர்ப் பண்டங்கள். திருநெல்வேலிச் சீமையில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் பெயர் பெற்றது. தாமிரபரணித் தண்ணீரின் ருசி என்று அந்த ஊர்க்காரர் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர் கைப்பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். வெயிலைக் கொண்டுவர முடியவில்லை. மஸ்கெலியா 1,200 மீற்றருக்கு மேலே, மலையின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. தை, மாசி, பங்குனியில் கிடைக்கும் காய்ச்சலில்தான் வடகம் போட முடியும். மற்ற மாதங்களில் அடுப்புக்கு மேலே பரண் கட்டிச் சுளகில் பரப்பி வைப்பதைப் பார்க்கிறோம். புகை நெடி கொஞ்சம் ஏறும், சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

அப்பளம் போட்டு நாமும் பத்துக் காசு பார்க்கலாமா என்று மாதர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். நடந்த கதை ஒன்று இருக்கிறது. 1959 மார்ச் 15ஆம் திகதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி, ஒரு மாடியின் மொட்டைத் தளத்தில் அப்பளம் போட்டார்கள். முதல் நாள் நாலு பக்கெட். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்றைக்கு அந்தக் கூட்டுறவில் 40,000க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு நிலையத்தில் மா பிசைந்து கொடுக்க, பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் காய வைத்துத் திரும்பக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் பொப்பட்டுக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு மொட்டை மாடியும் பம்பாய் வெயிலும் இருந்தன. எமது எண்ணம், காய வைக்கும் இயந்திரம் ஒன்றுக்கு ஒழுங்கு செய்யாமல் இங்கே கடன் எடுத்து இறங்க வேண்டாம் என்பதுதான். அரைகுறையாய்க் காய்ந்த உளுந்து அப்பளம் பூசணம் பிடிக்கும். பூசணம் விடும் நஞ்சு பொரித்தாலும் முழுவதும் போகாது. வீட்டிலும் அப்படித்தான்: பச்சைப் புள்ளியோ கரும்புள்ளியோ கண்டால் "பொரிச்சா சரியாயிரும்" என்று நினைக்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அப்போ எப்படித்தான் சாப்பிடுவது?

அப்பளத்தைக் கறியாக்காமல், கறிக்குத் துணையாக்க வேண்டும். அது பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற வேலையை நன்றாகச் செய்கிறது. அந்த வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பளம், சோற்றில் பருப்பு.

பருப்புக்குத்தான் நேரமில்லை என்கிறீர்கள், அதையும் யோசித்தோம். நம் மலையில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் எதுவும் வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பைக் கழுவித் தண்ணீரில் போட்டு மூடிவிட்டுப் போங்கள். மாலையில் அடுப்பில் வைத்தால், நீங்கள் முகம் கழுவி வருவதற்குள் முக்கால்வாசி வெந்திருக்கும். லயத்துக்குப் பின்னால் படர்ந்து கிடக்கும் சௌசௌவைச் சின்னதாக நறுக்கி அதிலேயே போடலாம், ஒரு பிடி கீரையும் போடலாம். அரிசியில் குறைவாக உள்ள புரதக்கூறு பருப்பில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளையின் உடம்புக்கு முழுப் பயன். இறக்கிய பின் ஒரு அப்பளத்தைச் சுட்டு மேலே நொறுக்கிப் போட்டுப் பாருங்கள், மறுபேச்சு இல்லாமல் தட்டு காலியாகும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மட்டும் அப்பளம் வேண்டாம். அதற்கு மேற்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு நன்றாக நொறுக்கிச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், பெரிய துண்டு தொண்டையில் நிற்கும்.

உடைந்த அப்பளத்தை வீசத் தேவையில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம் வதக்கி, புளியும் கறித்தூளும் கரைத்துக் கொதிக்க வைத்து, கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டு, இறக்கும்போது சுட்ட துண்டுகளைப் போட்டால் அப்பளக் குழம்பு. உப்பைப் பாதியாகக் குறையுங்கள், மீதியை அப்பளம் பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்குப் பிடித்தது சம்பல்தான். வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்துகொள்ளுங்கள். உப்பே போட வேண்டாம். சாப்பிட உட்காரும்போது இரண்டு சுட்ட அப்பளத்தை நொறுக்கிக் கலந்து உடனே பரிமாறுங்கள். கீரை என்றால் முகத்தைத் திருப்புகிற பிள்ளையும் இதைக் கேட்டு வாங்கித் தின்றதைக் கண்டோம். முன்கூட்டியே கலந்து வைத்தால் சதசதத்துப்போகும்.

மஸ்கெலியா மூடுபனியில் பொரித்த அப்பளமும் அப்படித்தான், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே வதங்கிவிடும். அதனால் அளவாகப் பொரியுங்கள். பொரிக்காத பக்கெட்டைத் திறந்தால் மீதியைப் பால்மா டின்னில் போட்டு, அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வையுங்கள். ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை அந்த அரிசியைத் திரும்ப வறுத்துப் போட்டால் போதும்.