சத்திரத்தில் இடம் இல்லை!

மேரி நிறைமாதக் கர்ப்பிணி. கணவர் ஜோசப் தச்சர். குடிக்கணக்கு எடுக்கும்படி ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் உத்தரவு போட்டிருந்தார். பெயர் பதிய, நாசரேத்தில் இருந்து சொந்த ஊரான பெத்லகேமுக்கு வந்தார்கள்.

சத்திரத்தில் இடம் இல்லை!

(இரக்கமற்ற சத்திரக்காரர் ஒருவர் கிறிஸ்துமஸ் நாடகங்களில் வருவார். பைபிளில் அப்படி ஒருவர் கிடையாது!)

குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீனி போடும் தொட்டியில் படுக்க வைத்தார்கள். சேதி முதலில் அரண்மனைக்குப் போகவில்லை. கண் விழித்து ஆடு காத்த இடையர்களுக்குத்தான் கிடைத்தது.

அரசன் ஏரோதுக்குப் பயம் பிடித்தது. 2 வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான். அதற்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் எகிப்துக்கு ஓடிவிட்டார்கள். இன்று அவர்களை அகதிகள் என்போம்.

ரெயிலிலும் இடம் இல்லை

"இடம் இல்லை" என்பதைத் தமிழ்நாட்டில் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் கிறிஸ்தவர் அல்ல. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா.

1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையுடன் சிறை சென்றார். அங்கே தொழுநோய் பற்றியது. விடுதலைக்குப் பின், நோயைக் காரணம் காட்டி, ரெயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளையர் அரசு தடுத்தது. புண்ணான கால்களோடு ஊர் ஊராக நடந்தார்.

அவருக்கு இடம் கொடுத்த ஊர், இன்றைய தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. அங்கே ஆசிரமம் அமைத்தார். எல்லாச் சாதியாரும், எல்லா மதத்தாரும் வரக்கூடிய பாரத மாதா கோவில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலையில் சிவா கண்மூடினார். கோவில் எழும்பவில்லை. பாரத மாதாவுக்கு அங்கே அரசு நினைவாலயம் கட்டி முடித்தபோது ஏறக்குறைய நூறு வருடம் ஓடிவிட்டது!

கல் குவியலில் குழந்தை

பெத்லகேமின் கதையும் அன்றோடு முடியவில்லை. 2023-ல் காசாவில் போர். குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது கொண்டாட்டமா என்று ஊர் விழாவை நிறுத்தியது. அங்குள்ள லூத்தரன் சர்ச்சில் குடில் மட்டும் வைத்தார்கள். அதில் வைக்கோல் இல்லை. உடைந்த கான்கிரீட் கற்களைக் குவித்து, நடுவே குழந்தை ஏசுவைக் கிடத்தினார்கள். இடிந்த வீட்டில் தப்பிக் கிடக்கும் பிள்ளை போலவே இருந்தது!

2024-லும் ஊரில் விழா இல்லை. 2025 டிசம்பரில், ஏசு பிறந்த இடத்தில் உள்ள ஆலயத்துக்கு எதிரே, சதுக்கத்தில் மீண்டும் கிறிஸ்துமஸ் மரம் நிறுத்தி விளக்கு ஏற்றினார்கள். பார்க்க ஜனங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.