தாடைக் கட்டியும் தெர்மாமீட்டரும்

குதிரைக்குட்டி என்றால் ஒருமுறை வந்துதான் போகும் என்று ஐரோப்பிய லாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஏற்றுக்கொண்ட நோய் ஒன்று உண்டு. ஸ்ட்ராங்கிள்ஸ் என்பார்கள். காய்ச்சல் அடிக்கும். மூக்கில் முதலில் தண்ணீராக ஒழுகும், பிறகு மஞ்சள் சீழாக இறங்கும். தாடைக்கு அடியிலும் தொண்டையை ஒட்டியும் நெறி கட்டும். கட்டி பெருத்துவிட்டால் குதிரை கழுத்தை முன்னால் நீட்டியபடியே நிற்கும். புல்லை மெல்லும், விழுங்க முடியாமல் கீழே விட்டுவிடும். குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வரும். பத்துப் பதினைந்து நாளில் கட்டி பழுத்து உடையும், சீழ் கொட்டும், குதிரை தேறிவிடும். பெரும்பாலான குதிரைகள் தேறிவிடுகின்றன என்பதுதான் இந்த நோயின் வினையே. செத்து விழுந்திருந்தால் எப்போதோ பயந்திருப்பார்கள்.

இந்த நோயை முதலில் எழுதிவைத்தவர் இத்தாலியில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் குதிரைகளைக் கவனித்த ஜோர்டானஸ் ரூஃபஸ். காலம் 1250ஐ ஒட்டி. உடம்பில் சேர்ந்த கெட்ட நீர் வெளியேறும் வழி இது என்ற எண்ணம் அதன்பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. வெளியேறுவதைத் தடுப்பானேன்? ஆகவே வைத்தியம் எல்லாம் கட்டியைச் சீக்கிரம் பழுக்கவைப்பதாகவே இருந்தது. தாடைக்கடியில் சூடாகப் பற்று போட்டார்கள். தோல் கொப்பளிக்கும் காரக் களிம்பு தடவினார்கள். கொதிநீரில் நனைத்த தவிட்டைப் பையில் போட்டு முகத்தில் மாட்டி ஆவி பிடிக்கவைத்தார்கள். மூச்சு அடைத்துக்கொண்டால் தொண்டைக்குழாயில் துளையிட்டுக் குழாய் செருகியவர்களும் உண்டு. இவற்றில் சூட்டு ஒத்தடத்தையும், பழுத்த கட்டியைக் கீறி உப்புநீரால் கழுவுவதையும் இன்றைய மருத்துவர்களும் கைவிடவில்லை. பழைய லாயக்காரர்களைப் பார்த்து ஒரேயடியாகச் சிரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆவிப் பையை ஒரு குதிரையின் முகத்திலிருந்து கழற்றி அடுத்த குதிரைக்கு அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? இத்தனைக்கும் இந்த நோய் குதிரையிலிருந்து குதிரைக்கும், பொதுவாகக் குடிக்கும் வாளியாலும் தொற்றுகிறது என்று 1664லேயே பிரெஞ்சுக்காரர் சொலெய்செல் எழுதிவிட்டார். ஜெர்மானியர் ஷூட்ஸ் 1888இல் கிருமியையே பிடித்துக் காட்டினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியா அது. தெரிந்தும் பொதுத் தொட்டி போகவில்லை. போர்க் குதிரைகளை லட்சக்கணக்கில் கப்பலேற்றிக் கண்டம் விட்டுக் கண்டம் கடத்திய காலம் வேறு வந்தது. இன்று உலகெங்கும் உள்ள இந்தக் கிருமி வகைகளின் மரபணுவைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், அவை 19ஆம் நூற்றாண்டிலோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ இருந்த ஒரே மூதாதையில் போய் முடிகின்றன என்கிறார்கள். போர்களின் பங்கு இதில் இருந்திருக்கும் என்பது அவர்கள் ஊகம்.

பெனிசிலின் வந்ததும் கதை முடிந்ததென்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. இந்தக் கிருமி இன்றும் பெனிசிலினுக்கு அடங்குகிறது, ஆனால் கட்டிக்குள் மருந்து சரிவரப் போய்ச் சேர்வதில்லை. பாதி பழுத்த நிலையில் ஊசி போட்டால் கட்டி உடைவது தள்ளிப்போகலாம். மூச்சுத் திணறும் குதிரைக்கும், நெறி கட்டும் முன்பே காய்ச்சலோடு பிடிபட்ட குதிரைக்கும் ஊசி போடலாம். மற்றவற்றுக்கு ஓய்வும் மென்மையான தீவனமும் போதும் என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் நிலை.

உண்மையான மாற்றம் மருந்தில் வரவில்லை. அன்று எல்லோரும் கட்டியைப் பார்த்தார்கள். இன்று கட்டிக்கு முன்பும் கட்டிக்குப் பின்பும் பார்க்கிறார்கள்.

முன்பு என்பது காய்ச்சல். கிருமி உள்ளே போன 3 முதல் 14 நாளுக்குள் உடம்பு சுடும். அந்தச் சூடு ஏறி இரண்டு நாள் வரை மூக்கிலிருந்து கிருமி பெரும்பாலும் வெளியேறுவதில்லை. இந்த இரண்டு நாள்தான் வாய்ப்பு. தினமும் காய்ச்சல் பார்த்து, 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய குதிரையை உடனே பிரித்துக் கட்டினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மூக்கு ஒழுகும்வரை காத்திருந்தால் நோய் பக்கத்துக் கொட்டடிக்குப் போயிருக்கும். நோய் புகுந்த பிரிட்டிஷ் லாயங்களில் இன்று குதிரைகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பிரிவாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அந்த நிறத்திலேயே வாளி, கயிறு, துடைப்பம். கூடுமானவரை ஆளும் தனி.

பின்பு என்பதுதான் எனக்கு வியப்பு. குதிரைக்குத் தொண்டையின் மேல்புறம், இரு பக்கமும் காற்றுப் பைகள் உண்டு. நமக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் இருக்கிறதே, அதுவே குதிரையில் இப்படிப் பையாக விரிந்திருக்கிறது. தொண்டைக் கட்டி உள்முகமாக உடைந்தால் சீழ் இந்தப் பையில் இறங்கும். வடியாமல் தங்கினால் இறுகி, கொண்டைக்கடலை போலக் கட்டிகட்டியாகக் கிடக்கும். குதிரை பளபளப்பாக இருக்கும், நன்றாகத் தின்னும், ஓடும். அவ்வப்போது கிருமியை வெளியே விட்டுக்கொண்டும் இருக்கும், சில குதிரைகள் வருடக்கணக்கில். தேறியவற்றில் பத்தில் ஒன்று இப்படி ஆகிறது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் நோய் திரும்பத் திரும்ப வந்த மர்மம் எண்டோஸ்கோப்பின் குழாய் மூக்கு வழியாக அந்தப் பைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. இப்போது குதிரை தேறி மூன்று வாரம் ஆனபின் பையைக் கழுவி, அந்த நீரைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்பி, கிருமி இல்லை என்று வந்த பிறகே மந்தையில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

உயிருள்ள கிருமி சேர்க்காத தடுப்பூசி ஒன்றும் ஸ்வீடனிலிருந்து வந்திருக்கிறது. ஸ்ட்ராங்வாக் என்ற அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அனுமதி தந்தது. அதன் ஆராய்ச்சியில் கைகோத்த இங்கிலாந்தின் நியூமார்க்கெட் விலங்குநல அறக்கட்டளை, பணமில்லாமல் 2020இல் மூடப்பட்டுவிட்டது. இதற்கு என்ன சொல்வது!

மாறாத ஒன்று, மறைப்பது. லாயத்தில் இந்த நோய் என்று வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார், குதிரை விலைபோகாது என்று வாய்மூடி இருப்பவர்கள் இன்றும் உண்டு. ஸ்வீடனில் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிரிட்டனில் அப்படிச் சட்டம் இல்லை. ஸ்வீடன் செய்வதே சரி. பக்கத்து லாயக்காரருக்குச் சொல்லாத நோய்க்கு எந்தக் கருவியும் உதவாது.

இந்தியாவிலும் இந்த நோய் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரை வைத்துப் பிழைப்பவர்களுக்கு எண்டோஸ்கோப் எட்டாத பொருளாக இருக்கலாம். ஆனாலும் புதிதாக வாங்கிவந்த குதிரையை மூன்று வாரமாவது தள்ளிக் கட்டுங்கள். அதற்கென்று தனி வாளி வையுங்கள். காலையும் மாலையும் ஆசனவாயில் காய்ச்சல் பாருங்கள். ஏறினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்க வேண்டிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது.