4520 கிழக்கு, 300 வடக்கு

சங்கரன்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு வீடு வாங்கியிருக்கிறார். அந்தக் கவுண்டியில் 911 மையத்தை நவீனப்படுத்தப் போகிறார்களாம். ‘போன் வந்தால் எடுத்துப் பேசி ஆம்புலன்ஸ் அனுப்புகிற இடம்தானே, அதில் நவீனப்படுத்த என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: ‘நாலைந்து வீடுகள் மட்டுமே உள்ள சாலையில் என் மகன் வீட்டுக்கு எண் 4520 கிழக்கு, சாலையின் பெயர் 300 வடக்கு. மற்ற 4,519 வீடுகள் எங்கே போயின?’

டீச்சருக்கு இவை இரண்டு கேள்விகளாகத் தோன்றியிருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன.

911 என்பது நம் 108, 112 போன்ற அவசர எண். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில்தான் அது முதன்முதலில் ஒலித்தது. மாநிலப் பேரவைத் தலைவர் ரேங்கின் ஃபைட் நகராட்சிக் கட்டடத்திலிருந்து அழைக்க, காவல் நிலையத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில் எடுத்துப் பேசினார். இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மையங்கள் உள்ளன. பெரும்பாலானவை கவுண்டிகளின் பொறுப்பில் இருப்பவை. கவுண்டி என்பது நம் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட அளவில் ஓர் ஆட்சிப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். அவை மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பணக்காரக் கவுண்டியின் மையம் விமானக் கட்டுப்பாட்டு அறை போல இருக்கும். ஏழைக் கவுண்டியில் ஷெரிஃப் அலுவலகத்தின் ஒரு மூலையில் இரவில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆளுக்கு ஐந்தாறு திரைகள். ஒன்றில் தொலைபேசி, ஒன்றில் வரைபடம், ஒன்றில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற பட்டியல், இன்னொன்றில் வயர்லெஸ். அழைப்பை எடுத்ததும் ‘என்ன அவசரம்?’ என்று கேட்பார்கள் என்றுதான் சினிமா பார்த்த நாம் நினைப்போம். பல மையங்களில் முதல் கேள்வி ‘எந்த இடத்தில்?’ என்பதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டால், என்ன நடந்தது என்று மட்டும் தெரிந்து பயனில்லை. இடம் தெரிந்தால் ஒரு வண்டியாவது கிளம்பிவிடும்.

அந்த ‘எங்கே’யைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடுதான் இந்தத் துறையின் வரலாறு முழுவதும். வீட்டு லைன் காலத்தில் வழி சுலபமாக இருந்தது. டிரங்க் கால் பேசினால் யார் கணக்கில் காசு எழுதுவது என்று அறிய, அழைத்தவரின் எண்ணைத் தானாகவே அனுப்பும் லைன்களைத் தொலைபேசி நிறுவனங்கள் ஏற்கெனவே வைத்திருந்தன. பில் போடுவதற்காகப் பிறந்த அதே ஏற்பாட்டை 911க்கும் எடுத்துக்கொண்டார்கள். அழைப்போடு எண் வரும். அந்த எண்ணுக்கு உரிய முகவரியை ஒரு தரவுத்தளம் எடுத்துத் திரையில் காட்டும். பழைய லைன்களில் எட்டு இலக்கம் அனுப்பத்தான் இடம் இருந்தது. ஏழு இலக்கத் தொலைபேசி எண், அதற்கு முன்னால் பகுதிக் குறியீட்டைக் குறிக்க ஒரே ஓர் இலக்கம். அதை வைத்து நான்கு பகுதிக் குறியீடுகளுக்கு மேல் சொல்ல முடியாது. ஒரே ஊரில் எல்லாருடைய போனும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த வரை இது போதுமானதாக இருந்தது.

ஆனால் தரவுத்தளத்தில் முகவரி இருக்க வேண்டுமென்றால், முதலில் வீட்டுக்கு ஒரு முகவரி இருக்க வேண்டுமே! 4520 இங்கேதான் வருகிறது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் நெடுங்காலம் தெருப்பெயரும் கிடையாது, கதவிலக்கமும் கிடையாது. ‘கிராமத் தடம் 2, பெட்டி 114’ என்றுதான் முகவரி இருக்கும். தபால்காரர் இரண்டாவது தடத்தில் போகும்போது வரிசையாக வரும் 114ஆவது பெட்டி என்று பொருள். தபால்காரருக்கு அது போதும். அவர் தினமும் அந்த வழியில் போகிறவர். நடு இரவில் பக்கத்து ஊரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஆகவே 911இல் முகவரி காட்டும் வசதி வேண்டிய கவுண்டிகள் முதலில் சாலைகளுக்குப் பெயர் வைத்து, வீடுகளுக்கு எண் போட வேண்டியிருந்தது. இந்தியானாவின் சமவெளிகளைப் போலச் சதுரச் சதுரமாகச் சாலை போட்ட இடங்களில் இது எளிது. மேற்கு வர்ஜீனியாவின் மலைகளில் பெரும் பாடு. அங்கே 2001இல் ஒரு தொலைபேசி நிறுவனம் தர ஒப்புக்கொண்ட 1.5 கோடி டாலரைக் கொண்டுதான் மாநிலம் முழுவதையும் வரைபடமாக்கும் வேலை தொடங்கியது.

எண் போடும் முறைதான் அழகு. ஒரு மைல் என்பது 5,280 அடி. அதை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு 5.28 அடி. பல கவுண்டிகளில் ஒவ்வொரு 5.28 அடிக்கும் ஓர் எண் ஒதுக்கிவிட்டார்கள், வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். சாலையின் ஒரு பக்கத்துக்கு ஒற்றைப்படை, மறு பக்கத்துக்கு இரட்டைப்படை. ஆக 4520 என்றால் தொடக்கக் கோட்டிலிருந்து 4.52 மைல். ‘300 வடக்கு’ என்றால் கவுண்டியின் அடிக்கோட்டிலிருந்து மூன்று மைல் வடக்கே ஓடும் சாலை. டீச்சரின் மகன் வீட்டு விலாசத்தில் பெயரே இல்லை. இருப்பவை இரண்டு தூரங்கள். மற்ற 4,519 வீடுகளில் ஏறக்குறைய எதுவுமே கட்டப்படவில்லை. அவற்றுக்கான இடங்கள் சோளமாக விளைந்து நிற்கின்றன. நாளை அங்கே யாராவது வீடு கட்டினால், பழைய எண் எதையும் மாற்றாமல் புது வீட்டுக்கு எண் தயாராக இருக்கும்.

என் தகப்பனார் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தார். வீட்டில் பேசும்போதுகூட அவர் வாயில் ஊர்ப்பெயர் வராது. “47/4-ல புளியமரம் சாஞ்சு கெடக்கு” என்பார். 47ஆவது கிலோமீட்டர் கல்லிலிருந்து 400 மீட்டர் என்று அர்த்தம். கேட்ட சாலைப் பணியாளர் வழி விசாரிக்காமல் அரிவாளோடு நேரே அங்கே போய் நிற்பார். இந்தியானாக்காரர்கள் அந்தக் கல்லை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் செயற்கைக்கோள் வழிகாட்டி வேலை செய்யாவிட்டாலும், தொடக்கக் கோட்டைத் தாண்டும்போது மைல் மீட்டரைப் பார்த்துக்கொண்டால் போதும். வழியில் தெரியும் எண்கள் குறைந்துகொண்டே வந்தால் எதிர்த்திசையில் போகிறோம் என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பம். எண்ணைத் தீர்மானிப்பது வீடு இருக்கும் இடமில்லை. வீட்டுக்குப் போகும் வண்டிப்பாதை சாலையைத் தொடும் இடம். மூலை வீட்டுக்காரர் வண்டிப்பாதையை ஒரு சாலையிலிருந்து மறு சாலைக்கு மாற்றினால் விலாசமே மாறிவிடும். வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்பதுதான் எண்ணின் வேலை. அதனால் எண் பலகையையும் வீட்டுச் சுவரில் மாட்டாமல், பாதை தொடங்கும் இடத்தில் கம்பம் நட்டுப் பொருத்துகிறார்கள். பச்சை அல்லது நீலத் தகட்டில் முகப்பு விளக்கு பட்டால் பளிச்சிடும் வெள்ளை எண்கள், இரு பக்கமும். பல ஊர்களில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினரே இவற்றைக் குறைந்த விலைக்குச் செய்து தருகிறார்கள். ஆகஸ்டில் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வீட்டை மறைத்துவிடும்போது, உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதற்கு அந்தத் தகடு மட்டுமே அடையாளம். புதர் மண்டியும், வண்டி இடித்து வளைந்தும் கிடக்கும் பலகைகள் எத்தனையோ உண்டு. வீட்டு முகப்புக்குச் செலவழிப்பதில் நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாத பொருள் அது. அதைத் துடைத்து நிமிர்த்தி வைப்பதை வீட்டுக்காரர்கள் கடமையாகவே கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு முடித்த வேளையில் செல்போன் வந்தது. இப்போது பல பகுதிகளில் 911 அழைப்புகளில் நூற்றுக்கு 80 அல்லது அதற்கும் மேல் செல்போனிலிருந்து வருகின்றன. செல்போனுக்கு வீட்டு எண் கிடையாது. 1996இல் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் வகுத்த விதிப்படி, அழைப்பு எந்த டவரின் எந்தப் பக்கத்தைத் தொட்டதோ அதை வைத்துத்தான் எந்த மையத்துக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். பேசுகிறவரின் இடம் பிறகு வந்து சேரும். டவருக்குக் கவுண்டி எல்லை தெரியாது. ஒஹையோ ஆற்றின் தென்கரையில் நிற்பவரின் போன் வடகரை டவரைப் பிடித்தால், அழைப்பு வேறு மாநிலத்துக்கே போய்விடும். எடுத்தவர் சரியான மையத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரு மையங்களும் ஒரே பழைய அமைப்பில் இல்லாவிட்டால் குரல் மட்டும்தான் மாறிப்போகும், இடம் போகாது. மூச்சு வாங்க ஒருமுறை சொன்னவர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நவீனப்படுத்துதல் என்று இப்போது பேசுவது இந்த வேரையே மாற்றுவதைத்தான். பில் போடும் லைன்களைக் கழற்றிவிட்டு, அவசர சேவைகளுக்கென்றே தனி இணைய வலையமைப்பு போடுகிறார்கள். அழைப்பு வரும்போதே இருப்பிடத்தைச் சுமந்துகொண்டு வரும். வழியில் ஒரு சேவையகம் அந்தப் புள்ளியை வரைபடத்தில் வைத்து, ‘இது யாருடைய எல்லைக்குள் விழுகிறது?’ என்று பார்த்து, அந்த மையத்துக்குத் திருப்பிவிடும். குறுஞ்செய்தியும் படமும் அதே வழியில் வரலாம். செல்போன் அழைப்புகளை டவரை நம்பாமல் இருப்பிடத்தைக் கொண்டு அனுப்ப வேண்டும் என்று 2024 ஜனவரியில் அந்த ஆணையம் உத்தரவும் போட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை வரைபடம், அழைப்பை எடுத்து வண்டி அனுப்பும் டிஸ்பாட்சருக்கு உதவிக்கு இருந்த ஒரு படம். இனி அழைப்பையே அதுதான் வழிநடத்துகிறது. அதில் ஒரு கோடு பிசகினால் அழைப்பு வேறு எங்கோ போய்விடும். இரண்டு கவுண்டிகள் தனித்தனியே எல்லை வரைந்து, இடையில் ஒரு வாய்க்கால் அளவு இடம் விட்டிருந்தால், அந்த இடத்தில் நின்று அழைப்பவர் எந்தக் கவுண்டிக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுவார். இருவரும் அதே வாய்க்காலைத் தங்களுடையது என்று வரைந்திருந்தாலும் சிக்கல்தான். அதனால் பழைய முகவரிப் பட்டியலும் புதிய வரைபடமும் நூற்றுக்கு 98 பங்காவது பொருந்தும் வரை மாற வேண்டாம் என்று இத்துறையின் தேசிய சங்கம் சொல்கிறது. பொருந்தாத ஒவ்வொரு வரியையும் ஓர் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். வளைந்த பாதையா, பெயர் மாறிய சாலையா, புதிதாக நட்ட பலகையா என்று சில நேரம் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவர வேண்டும். சிறிய கவுண்டிகளில் அந்த வேலைக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார். சொத்துவரி வரைபடத்தையும் அவர்தான் பார்ப்பார். புது நாற்காலிக்கும் அகலத் திரைக்கும் பணம் ஒதுக்குகிற அதிகாரிகளுக்கு இவருடைய சம்பளம் கண்ணில் படுவதில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட வரைபடக் கோட்டில் இடமில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே வலையில் கோப்பதில் ஆபத்தும் உண்டு. 2014 ஏப்ரல் 9 நள்ளிரவை ஒட்டி, கொலராடோ மாநிலம் எங்கிள்வுட்டில் இருந்த ஓர் அழைப்பு மையக்கணினி வேலையை நிறுத்தியது. ஒவ்வொரு அழைப்புக்கும் வரிசை எண் தரும் மென்பொருளில் யாரோ ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். எண்ணிக்கை அந்த வரம்பைத் தொட்டதும் அதற்குமேல் எண் கொடுக்க மறுத்துவிட்டது. ஆறு மணி நேரம், ஏழு மாநிலங்கள், 81 மையங்கள், 6,600க்கு மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. பழைய காலத்தில் ஒரு லைன் பழுதானால் ஒரு கவுண்டியோடு போகும். 2018 மார்ச்சில் பால்டிமோர் நகர மையத்தின் கணினியைப் பணம் பறிக்கும் நச்சுநிரல் தாக்கியபோது, ஊழியர்கள் வண்டிகளை அனுப்பும் வேலையைக் கையாலேயே செய்து சமாளித்தார்கள். அந்தக் கைப்பழக்கம் அவர்களிடம் மிச்சமிருந்ததே அன்று காப்பாற்றியது. புதிய மையம் கட்டும் ஒவ்வொரு கவுண்டியும் காகிதத்திலும் பேனாவிலும் வேலை செய்து பார்க்கும் பயிற்சியை விடாமல் வைத்திருக்க வேண்டும்.

நவீனப்படுத்தப் பணம் இல்லை என்ற பேச்சையும் முழுதாக ஏற்க முடியவில்லை. இதற்கென்றே மக்களுடைய தொலைபேசிக் கட்டணத்தோடு மாதாமாதம் ஒரு தொகை வசூலாகிறது. அதை வேறு செலவுகளுக்குத் திருப்பிய மாநிலங்களின் பெயரை ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கையில் வெளியிடுகிறது. நியூயார்க்கும் நியூஜெர்சியும் அதில் திரும்பத் திரும்ப இடம்பெற்றவை. ஆம்புலன்ஸ் வரும் என்று நம்பி ஒருவர் கட்டிய காசு அது.

மையத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1978இல் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், என்ன கேட்பது, வண்டி போய்ச் சேரும் வரை என்ன செய்யச் சொல்வது என்று அட்டைகளில் எழுதித் தந்தார். அதன் வழிவந்த முறைப்படி, இன்று ஒரு டிஸ்பாட்சர் முன்பின் தெரியாத பெண்ணுக்குப் போனிலேயே பிரசவம் பார்க்க வழி சொல்கிறார். கணவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லி, கூடவே எண்ணிக்கொண்டும் இருக்கிறார். திரையில் புள்ளி தெரிந்தாலும் விலாசத்தை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கிறார், மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்கிறார். புள்ளி பிசகலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் இவர்கள் அலுவலக எழுத்தர்களோடு சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தீயணைப்பாளரோடும் காவலரோடும் இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். மாற்றக் கோரி 2019 முதல் நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்துகொண்டிருக்கின்றன. டெக்சாஸ் காத்திருக்கவில்லை. அதே 2019இல் தன் மாநிலச் சட்டத்தைத் திருத்தி, அவசர அழைப்பை எடுப்பவர்களையும் முதலில் உதவிக்கு வருவோர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.