கட்டடச் சிற்பியும் கலாசாலையும்

ஒரு தேசத்தின் சட்டசபையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏழைகளின் குடியிருப்பும் எவ்வாறு அமைகின்றன என்பதை, அவற்றை வகுப்போர் இளமையில் பெற்ற பயிற்சியே பெரிதும் நிர்ணயிக்கிறது. இன்று வகுப்பறையில் காகிதத்தில் விழும் கோடு, பத்து வருஷத்திற்குப் பின் கல்லும் சிமெண்டுமாய் எழுந்து நிற்கும். பிழையான புஸ்தகத்தை மூடி வைக்கலாம். பிழையான கட்டடத்திலோ மூன்று தலைமுறை குடியிருக்க நேரும். ஆகவே கட்டட வித்தையை எங்கே, எவரிடம் கற்பிப்பது என்பது நிபுணர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. தேசத்தார் யாவரும் கவனிக்க வேண்டிய விஷயம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆர்க்கிடெக்ட் என்று வழங்கும் கட்டடச் சிற்பியின் பயிற்சிக்கு உயிர்நிலையாயிருப்பது ‘ஸ்டூடியோ’ வகுப்பு. அங்கே பிரசங்கம் குறைவு. ஒரு மனையையும், அதில் அமைய வேண்டிய ஒரு கட்டடத்தையும் குறித்து மாணாக்கனுக்குப் பிரச்னை கொடுக்கப்படும். அவன் வரைகிறான், ஆசான் பக்கத்தில் அமர்ந்து, மெல்லிய தாளை மேலே விரித்து, மாற்றுவழியைப் பென்சிலால் காட்டுகிறார். காற்று எத்திசையில் வரும், கிழவி எப்படிப் படியேறுவாள், மழைநீர் எங்கே போகும் என்று கேட்கிறார். முடிவில் படங்களைச் சுவரில் மாட்டி, பலர் முன்னிலையில் விசாரணை நடக்கும். குருகுலத்திற்கு இவ்வளவு நெருங்கிய முறை தற்காலக் கல்வியில் வேறு அதிகம் இல்லை. ஆதலின் ஆசான் எதை மதிக்கிறாரோ அதையே மாணாக்கனும் மதிப்பான்.

இதற்குப் பம்பாய் நல்ல உதாரணம். ஸர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் நன்கொடையால் 1857-ல் தோன்றிய கலைப் பள்ளியில், சித்திரத்தோடும் சிற்பத்தோடும் கட்டடக் கலையும் ஒரே வளாகத்தில் வளர்ந்தது. 1896-ல் வரைவாளர்களுக்கான வகுப்பாய்த் தொடங்கிய அப்பிரிவு பின்னர் முழுப் பாடத் திட்டமாக விரிந்தது. 1923 முதல் 1943 வரை அதை நடத்தியவர் கிளாட் பாட்லி என்னும் ஆங்கிலேயர். அவர் வெறும் உபாத்தியாயர் அல்லர். தொழில் செய்த கட்டடச் சிற்பி. 1930-ல் திறந்த பம்பாய் ஸென்ட்ரல் ரயில் நிலையம் அவருடைய கைவண்ணம்.

கிரேக்க, ரோமானியத் தூண்களே கட்டடக் கலையின் அரிச்சுவடி என்று எண்ணப்பட்ட காலம் அது. பாட்லியோ, இந்திய மாணாக்கன் இந்தியக் கட்டடங்களையும் அறிந்தே தீர வேண்டுமென்றார். அளவு நாடாவுடன் பழைய கட்டடங்களுக்கு மாணாக்கர் சென்றனர். தூணும் வாயிலும் போதிகையும் ஜன்னலும் அங்குலம் அங்குலமாய் அளந்து வரையப்பட்டன. இத்தகைய அளவுப் படங்கள் 1934-ல் அவர் பெயரால் நூலாகவும் வெளிவந்தன. கண்ணால் பார்த்து வியப்பது ஒன்று. அளந்து அறிவது மற்றொன்று. அளக்கிறவனுக்குத்தான் தாழ்வாரத்தின் அகலம் ஏன் அவ்வளவு, முற்றத்தின் மேல் வானம் ஏன் அவ்வளவு என்ற காரணம் விளங்கும். அன்னிய ஆட்சியில் ஓர் அன்னியர் செய்த இவ்வேலையை, சுதந்திரம் பெற்ற நாம் எவ்வளவு தூரம் தொடர்ந்தோம்?

ஜெர்மனியில் வேறொரு பரீட்சை நடந்தது. வால்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடச் சிற்பி, 1919-ல் வைமர் நகரில் கலைப் பள்ளியையும் கைத்தொழிற் பள்ளியையும் ஒன்றாக்கி ‘பௌஹவுஸ்’ என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். ஆரம்ப காலத்தில் அதன் தொழிற்சாலைகளில் வடிவத்தைக் கற்பிக்க ஓர் ஆசானும், கைவேலையைக் கற்பிக்க மற்றோர் ஆசானும் இருந்தனர். கைவேலை ஆசானுக்குச் சமமான அந்தஸ்து அளிக்காதது அதன் குறை. நாஜிகளின் நெருக்கடியால் 1933-ல் அது மூடப்பட்டது. ஆயினும் அதன் கருத்து அழியவில்லை. பம்பாய்ப் பள்ளியில் பயின்று, பின்னர் ஹார்வர்டில் குரோப்பியஸிடம் கற்ற அச்யுத் கான்விந்தேதான் கான்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தை வகுத்தவர்.

சென்னைக்கும் இது புதிதன்று. 1850-ல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய எழும்பூர்க் கலைப் பள்ளிக்கு, செனேட் மண்டபத்தைக் கட்டிய சிஸ்ஹோம் 1877 முதல் 1883 வரை தலைவராயிருந்தார். கட்டடம் கட்டியவரே கலைப் பள்ளியையும் நடத்தினார். ஆனால் அந்த உறவு நிலைபெறவில்லை. 1957-ல் கட்டடக் கலைத் துறை பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அதே 1957-ல் ஸ்தபதிகளுக்கான சிற்பப் பள்ளி மாமல்லபுரத்தில் ஏற்பட்டது. சித்திரக்காரர் எழும்பூரிலேயே தங்கினர். பம்பாயிலும் 1958-ல் கட்டடக் கலை தனிக் கல்லூரியாயிற்று. ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் தனித்தனி வீடுகளுக்குப் போனது போலாயிற்று.

இதன் பலன் என்ன? திட்டம் வரைகிறவனுக்குக் கல்லின் குணம் தெரிவதில்லை. கல்லின் குணம் தெரிந்தவனுக்குத் திட்டம் வகுக்கும் சபையில் ஆசனமில்லை. 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று கூறிக்கொள்ளலாகாது. பொதுஜனங்களின் பாதுகாப்பிற்கு இவ்விதி அவசியமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டத்தைக் காக்கும் சட்டம், பட்டமில்லாத வித்தையைக் கலாசாலை வாசலில் நிறுத்திவிடலாகாது.

பழமையையே பற்றிக்கொள்ளச் சொல்கிறீர்களோ என்று சிலர் கேட்கலாம். இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கோபுரம் வைக்கும்படி நாம் கூறவில்லை. பாட்லியே பழையதை அளக்கச் சொல்லிவிட்டு, தம் காலத்திற்கேற்ற ரயில் நிலையத்தைத்தான் கட்டினார். சித்திரை வெயிலில் கண்ணாடிச் சுவர்களை எழுப்பி, உள்ளே குளிர் இயந்திரத்தை ஓட்டி மின்சாரத்தைக் கரைப்பதுதான் புதுமையென்றால், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த நம் பாட்டனார் நம்மைவிடப் புத்திசாலிகள் என்றே சொல்ல வேண்டும்.

நாம் கோருவது அதிகமன்று. ஸ்டூடியோவில் கட்டடச் சிற்பியின் பக்கத்தில் ஸ்தபதிக்கும் தச்சனுக்கும் கொத்தனுக்கும் ஆசான் என்ற பெயரோடும் ஊதியத்தோடும் இடமளிக்க வேண்டும். மாணாக்கன் ஒவ்வொருவனும் தன் ஜில்லாவின் பழைய வீடு ஒன்றையாவது அளந்து வரைந்தே பட்டம் பெற வேண்டும். மாமல்லபுரத்தாரும் கிண்டியாரும் எழும்பூராரும் வருஷத்தில் ஒரு பருவமாவது ஒரே பிரச்னைக்கு ஒரே கூரையின் கீழ் விடை காண வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, மனமே வேண்டும். பாட்லி அளவு நாடாவைக் கையில் எடுக்க எவருடைய உத்தரவுக்கும் காத்திராததுபோல், நம் ஆசான்களும் காத்திராமல் தொடங்குவார்களாக.