முடி நேராக்கி
முடி நேராக்கி என்பது சூடேறிய இரு தட்டுகளுக்கிடையே முடியை வைத்து இழுத்து, சுருளைத் தற்காலிகமாக நீக்கும் மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்ட்ரெய்ட்னர் எனப்படுகிறது.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதிலுள்ள ஐதரசன் பிணைப்புகள் வெப்பத்தால் அறுந்து, முடி ஆறும்போது நேரான வடிவிலேயே மீண்டும் உருவாகின்றன. வலுவான இருசல்பைடு பிணைப்புகள் அப்படியே இருப்பதால், தலைக்குக் குளித்தாலோ மழைக்கால ஈரக்காற்று பட்டாலோ சுருள் திரும்பிவிடும்.

ஈர முடியில் இக்கருவியைப் பயன்படுத்துவதே பெருந்தவறு. முடிக்குள் இருக்கும் நீர் 100 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகி, வெளியேற வழியின்றி இழையினுள் குமிழிகளை உண்டாக்கும். அவ்விடத்தில் முடி எளிதில் ஒடியும். தட்டில் வைத்ததும் 'சுர்' என்று ஓசை கேட்டால் முடி இன்னும் காயவில்லை என்று பொருள்.

மெல்லிய முடிக்கு 150 பாகையே போதும்; தடித்த முடிக்கும் 180 பாகையைத் தாண்டும் தேவை அரிது. 200 பாகைக்கு மேல் கெரட்டினே சிதையத் தொடங்கும். எனவே வெப்பநிலையைக் குறைக்க வழியில்லாத மலிவுக் கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. சிலிக்கோன் கலந்த காப்புப் பூச்சுகள் வெப்பம் பரவுவதை மெதுவாக்குமே தவிர, முற்றிலும் தடுக்கா. முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், ஒரே முறை இழுக்க வேண்டும்.

தோலுக்கு வெளியே உள்ள முடி உயிரற்றது, கருகினால் ஆறாது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் புது முடிக்குக் காத்திருந்து, பழுதான நுனியை வெட்டிவிட வேண்டியதுதான்.