வலிப்பு நோயும் பராமரிப்போர் பயிற்சியும்: திருச்சபையின் பொறுப்பு

முன்னுரை

ஞாயிறு ஆராதனையின் நடுவே ஒருவர் நினைவிழந்து விழுகிறார்; அவருடைய கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. அடுத்த சில நொடிகளில் என்ன நிகழும் என்பதை நாம் அறிவோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணிப்பார். மற்றொருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செருக முயல்வார். நால்வர் கைகால்களை அழுத்திப் பிடிப்பர். யாரோ ஒருவர் உரத்த குரலில் அசுத்த ஆவியைக் கடிந்துகொள்ளத் தொடங்குவார். இவை அனைத்தும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் அவருக்கு உதவுவதில்லை. சில அவருக்குத் தீங்கும் விளைவிக்கின்றன.

ஆலயத்தில் நிகழும் இதே நிலை, திருச்சபைகள் நடத்தும் மாற்றுத்திறனாளிகள் இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் நிகழுமாயின் அதன் விளைவு இன்னும் கடுமையானது. அறிவுத்திறன் குறைபாடுடையோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வலிப்பு நோய் உண்டு. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளிடையே இவ்விகிதம் இன்னும் மிகுதி. ஆகவே இத்தகைய இல்லங்களில் பணிபுரியும் ஆயாக்கள், விடுதிக் காப்பாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்கு வலிப்பு நோயைப் பற்றிய பயிற்சி இன்றியமையாதது. இப்பயிற்சியைத் திட்டமிடும் குழுக்களில் பெரும்பாலும் ஆயர்களே தலைமை வகிக்கின்றனர். அவர்கள் அறிய வேண்டியவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திருமறையும் திருச்சபை மரபும்

மாற்கு 9: 14–29, மத்தேயு 17: 14–21, லூக்கா 9: 37–43 ஆகிய மூன்று பகுதிகளும் ஒரே சிறுவனைப் பற்றிக் கூறுகின்றன. கீழே விழுதல், நுரை தள்ளுதல், பற்களைக் கடித்தல், விறைத்துப்போதல், பின்னர்ச் செத்தவன்போல் கிடத்தல் என மாற்கு தரும் விவரங்கள் ஒரு மருத்துவக் குறிப்பேட்டுக்கு ஒப்பானவை. மத்தேயு அவனைக் குறிக்கக் கையாளும் கிரேக்கச் சொல் சந்திரனோடு தொடர்புடையது. அதனாலேயே நமது பழைய மொழிபெயர்ப்பில் ‘சந்திரரோகி’ என்னும் சொல் இடம்பெற்றது. சந்திரனின் வளர்பிறையும் தேய்பிறையும் இந்நோயை ஏவுகின்றன என்பது பண்டைய உலகின் நம்பிக்கை.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மத்தேயு 4: 24 இயேசுவிடம் கொண்டுவரப்பட்டோரை வரிசைப்படுத்துகையில், பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. இவ்விரண்டையும் எப்போதும் ஒன்றெனக் கொள்ளுதல் நற்செய்தியாளரின் கருத்தன்று. மாற்கு தம் காலத்து மக்களின் சொற்களிலேயே அந்தச் சிறுவனின் துன்பத்தை விளக்கினார். அப்பகுதியை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அதை நோயாளியின்மீது சாட்டப்படும் குற்றமாக மாற்ற நமக்கு உரிமையில்லை.

மேலும், மாற்கு 9: 29-இல் ஜெபத்தோடு உபவாசமும் சேர்த்துச் சொல்லப்படுவதைச் சீனாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி ஆகிய தொன்மையான கையெழுத்துப் படிகளில் காண்பதற்கில்லை. மத்தேயு 17: 21 முழுவதுமே அவற்றில் இல்லை. இவ்வசனங்களைக் காட்டி நோயாளியை உபவாசிக்கச் செய்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். அங்கும் ஜெபிக்கும்படி சொல்லப்பட்டவர்கள் சீடர்களே, சிறுவன் அல்லன்.

கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னரே, ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று, ‘புனித நோய்’ என மக்கள் அழைத்த இது மற்ற நோய்களைவிடப் புனிதமானதன்று என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும் வாதிட்டது. ஆயினும் மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் தமது மத்தேயு விளக்கவுரையில் மருத்துவர்களின் இயற்கை விளக்கத்தை மறுத்து, இது ஆவியினால் உண்டாவதென்றே எழுதினார். பிற்காலத் திருச்சபை ஓரிகனைப் பின்பற்றியது. உரோமைத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு வலிப்பு நோயாளரைப் பித்தரோடும் பிசாசு பிடித்தோரோடும் ஒருங்கே நிறுத்திக் குருத்துவத்தினின்று விலக்கியது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் இந்நோயின் பெயர் நீங்கியது. நாட்டுச் சட்டமும் இதற்கு விலக்கன்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாகச் சேர்க்கப்பட்டு, 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய தடை பெண் பார்க்கும் வீட்டிலிருந்து நீங்கிவிட்டதா என்பதை ஆயர்கள் நன்கறிவர்.

2. நோயின் இயல்பு

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. அத்துடிப்புகள் கட்டுக்கடங்காமல் ஒரே வேளையில் பொங்கி எழுவதே வலிப்பு. ஆங்கில மருத்துவரான ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873-இலேயே இவ்வாறு விளக்கினார். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்டபோது அவ்விளக்கத்துக்குக் கண்கண்ட ஆதாரம் தேடும் வழி பிறந்தது. 1912-இல் பீனோபார்பிட்டோனும், 1938-இல் பெனிட்டாயினும் மருந்துகளாக வந்தன. நம் நாட்டில் இத்துறை வளர்ந்ததில் கிறிஸ்தவ மருத்துவப் பணிக்குச் சிறப்பான பங்குண்டு. மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், முறையாகக் கண்டறிந்து மருந்தளித்தால் அவர்களுள் 100-க்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி குறைதல், தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், மரபணுக் கோளாறு ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். நம் நாட்டில் மற்றொன்றும் முக்கியமானது. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் தூய்மையற்ற நீரினாலும் நன்கு கழுவாத காய்கறிகளாலும் உடலுட் புகுந்து, அவற்றின் இளம்புழுக்கள் மூளையில் தங்குவதாலும் வலிப்பு உண்டாகும். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் இது வரக்கூடும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் புலப்படுவதில்லை. வலிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று.

வலிப்பு என்றவுடன் விழுந்து வெட்டி இழுப்பதையே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதன் வகைகள் பல. ஒரு குழந்தை சில நொடிகள் பேச்சு நின்று வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் பாடத்தைத் தொடரலாம். மற்றொருவர் நினைவு மங்கிய நிலையில் உதட்டைச் சப்பிக்கொண்டும், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டும், இலக்கின்றி நடந்துகொண்டும் இருக்கலாம். பேச இயலாத ஒரு பிள்ளையிடம் இவை தோன்றும்போது, பயிற்சியற்ற பணியாளர் ‘பிடிவாதம்’ என்றோ ‘கவனமின்மை’ என்றோ முடிவு செய்கிறார். மருந்து பெற வேண்டிய பிள்ளை தண்டனை பெறுகிறது. பயிற்சியின் தேவையை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

3. பெத்தேல் தரும் பாடம்

சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றில் இப்பணிக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜெர்மனியில் பீலஃபெல்ட் நகருக்கு அருகில் 1867-இல் வலிப்பு நோயாளருக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. 1872-இல் ஆயர் ஃபிரெடெரிக் ஃபொன் போடல்ஷ்விங் அதன் பொறுப்பை ஏற்றார். ‘பெத்தேல்’ எனப் பெயர்பெற்ற அவ்விடத்தில், நோயுற்றோர் தம்மால் இயன்ற தொழிலைச் செய்து ஓர் ஊராகவே வாழ்ந்தனர். அவர்களைப் பேணுவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாதென உணர்ந்து, சாரெப்தா என்னும் பெண் திருத்தொண்டர் இல்லமும் நாசரேத் என்னும் ஆண் திருத்தொண்டர் இல்லமும் அங்கேயே பணியாளர்களைப் பயிற்றுவித்தன.

அதே பெத்தேல் ஓர் எச்சரிக்கையுமாகும். 1933-இல் நாசி அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் மரபுவழி வலிப்பு நோயையும் பட்டியலிட்டது. பெத்தேலும் அச்சட்டத்துக்கு உடன்பட்டது. அங்கிருந்தோர் பலருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. நோயாளரைக் கொல்லும் திட்டம் 1940-இல் வெளிப்பட்டபோது, தந்தையின் பணியைத் தொடர்ந்த இளைய போடல்ஷ்விங்கும், லோபெட்டால் இல்லத்தின் ஆயர் பவுல் கெர்ஹார்ட் பிரௌனவும் எதிர்த்து நின்றனர். பிரௌன சிறையிலடைக்கப்பட்டார். ஆயினும் பெத்தேலிலிருந்த யூத நோயாளர் சிலர் அவ்வாண்டே கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு மனிதரை ‘பாரம்’ என்று மதிப்பிடும் பழக்கம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு இது சான்று. பயிற்சி என்பது கைகளுக்கு மட்டுமன்று, கண்களுக்கும் வேண்டும் என்பதை நாம் இங்கிருந்து கற்கிறோம்.

4. பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

(அ) வலிப்பின்போது செய்ய வேண்டியவை. முதலாவது, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்ற வேண்டும். தலைக்கடியில் மடித்த துணியை வைத்து, கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்த வேண்டும். இயன்றவுடன் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் உமிழ்நீர் வெளியே வழியும்; மூச்சு தடைப்படாது. முழு நினைவு திரும்பும்வரை உடனிருக்க வேண்டும். ஆடை நனைந்திருந்தால் மூட வேண்டும். கூடிநிற்போரை விலக்க வேண்டும். மானத்தைக் காப்பதும் முதலுதவியே.

(ஆ) செய்யத் தகாதவை. வாயினுள் எதையும் வைக்கலாகாது. நாக்கை ஒருவர் விழுங்கிவிட முடியாது, ஆனால் உடைந்த பல் மூச்சுக்குழலை அடைக்க முடியும். கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. இரும்பினால் வலிப்பு நிற்பதில்லை. அது தானே நிற்கும் வேளையில் இரும்பு கையில் இருந்தது, அவ்வளவே. நினைவு முற்றிலும் திரும்புமுன் தண்ணீரோ மாத்திரையோ புகட்டலாகாது.

(இ) சக்கர நாற்காலியில் இருப்போர். இவர்களை வலிப்பின்போது கீழே இறக்க முயலாமல், சக்கரங்களை அசையாது நிறுத்தித் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மூச்சு தடைப்பட்டாலோ வாயில் உணவு இருந்தாலோ மட்டும் இறக்க வேண்டும்.

(ஈ) மருத்துவமனைக்கு விரைய வேண்டிய வேளைகள். வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தல், நினைவு திரும்புமுன் மீண்டும் வருதல், வாழ்வில் முதன்முறையாக வருதல், காயமுறுதல், நீரில் நிகழ்தல், கருவுற்ற பெண்ணுக்கு நிகழ்தல், நின்றபின்னும் மூச்சு சீராகாமை ஆகியவற்றில் தாமதம் கூடாது. சிலருக்கு மருத்துவர் மூக்கில் தெளிக்கும் மிடசோலாம் மருந்தை எழுதித் தந்திருப்பார். அதைக் கொடுக்கும் முறையை ஒவ்வொரு பணியாளரும், இரவுப் பணியாளர் உட்பட, நேரில் செய்து பழகியிருக்க வேண்டும்.

(உ) குறிப்பேடு. மருத்துவர் வலிப்பைக் காண்பது அரிது. பணியாளரே அவருடைய கண்கள். தொடங்கிய நேரம், எப்பக்கத்தில் தொடங்கியது, கண்களும் தலையும் எங்குத் திரும்பின, எவ்வளவு நீடித்தது, பின்னர் எவ்வாறிருந்தார், அன்று மருந்து தவறியதா என்பன எழுதப்பட வேண்டும்.

(ஊ) அன்றாடக் காப்பு. குளியலறைக் கதவை உள்ளே தாழிடாதிருத்தல், கிணறு குளங்களுக்குத் தனியே அனுப்பாதிருத்தல், அடுப்படியில் துணை இருத்தல், தாழ்ந்த கட்டிலில் உறங்கச் செய்தல் ஆகியவை போதும். பாதுகாப்பின் பெயரால் ஒருவரை அறையில் பூட்டி வைத்தல் காப்பன்று.

5. ஜெபமும் மருந்தும்

ஆயர் நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டிய இடம் இதுவே. ஒருவருக்காக ஜெபித்தபின், “இனி மருந்து வேண்டாம், விசுவாசித்தால் போதும்” என்று சொல்லப்படுவதுண்டு. மருந்தைத் திடீரென நிறுத்தினால், ஓயாத வலிப்பு நிலை ஏற்பட்டு உயிரே போகக்கூடும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக நிகழ வேண்டியவை. கருவுற விரும்பும் பெண்களுக்கு வால்புரோயேட் போன்ற சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். அதுவும் மருத்துவரோடு கலந்தே செய்யத்தக்கது.

தூக்கமின்மையும் மருந்து தவறுதலும் வலிப்பைத் தூண்டும் முதன்மைக் காரணங்கள். ஆகவே முழு இரவு ஜெபத்துக்கு இவர்களை வற்புறுத்தலாகாது. திருவிருந்துக்கு முன் ஒன்றும் உட்கொள்ளலாகாதென எண்ணிக் காலை மாத்திரையை விடுவோருக்கு, தண்ணீருடன் அருந்தும் மாத்திரை பக்திக்கு இழுக்கன்று என்பதை ஆயரே பீடத்திலிருந்து சொல்லலாம். ஆயரின் ஒரு சொல் மருத்துவரின் பத்துச் சீட்டுகளைவிட வலிமையுடையது, இரு வழியிலும்.

முடிவுரை

மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், சீடர் வேதபாரகரோடு தர்க்கித்துக்கொண்டிருந்தபோது இயேசு தகப்பனை நோக்கி, இது எவ்வளவு காலமாக இருக்கிறதென்று வினவினார். தகப்பன் சிறுவயது முதல் நிகழ்ந்ததையும், தீயிலும் நீரிலும் விழுந்ததையும் சொல்ல, அவர் செவிகொடுத்தார். இறுதியில், சிறுவன் செத்துப்போனான் என்று பலரும் சொல்லிய வேளையில், அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். கேட்பதும், அஞ்சாது அருகிருப்பதும், எழும்போது கைகொடுப்பதும் பயிற்சியினால் நம் பணியாளர் கைவரப்பெறக் கூடியவை. இறையியல் மாணவர்கள் தம் களப்பணிக் காலத்தில் ஒருமுறையேனும் இத்தகைய பயிற்சியில் அமர்ந்து கற்பார்களாயின், அடுத்த முறை ஆலயத்தில் ஒருவர் விழும்போது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவோரை நிறுத்தி, அவர் தலைக்கடியில் தம் அங்கியை மடித்து வைக்கும் ஆயர் ஒருவராவது அங்கிருப்பார்.